240 வெள்ளி கொடுத்து இஸ்திரி போட்ட நோட்டை வாங்கி வந்திருக்கிறேன்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை, அந்தக் கோபத்தோடே எழுதுகிறேன். சிங்கப்பூரின் முதல் வரிசையான ஆர்க்கிட் நோட்டுகளை (1967 முதல் 1976 வரை வந்தவை) சேர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். அந்த வரிசையில் 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டு உண்டு. அடுத்து வந்த பறவை வரிசையில் 25 கிடையாது, 20தான். ஆர்க்கிட் வரிசையில் 100 வெள்ளி வரை எல்லாம் சேர்த்துவிட்டேன், இந்த 25 ஒன்றுதான் பாக்கி.

பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு செயலியில் 'மடிப்பே படாதது, 240 வெள்ளி' என்று ஒருவர் போட்டிருந்தார். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்தோம். நான் கேட்கும் முன்பே கைப்பேசி விளக்கை நோட்டுக்குப் பின்னால் பிடித்தார். "சிங்கத் தலை தெரியுதா அண்ணே? இதோ இழை, மேலேர்ந்து கீழ வரைக்கும்." தெரிந்தது. அந்த இடத்தில்தான் நம்பினேன். "உறையிலேர்ந்து எடுக்காதீங்க, விரல் பட்டா மதிப்பு போயிடும்" என்றார், அதையும் அக்கறை என்று எடுத்துக்கொண்டு 240 வெள்ளியை அங்கேயே அனுப்பினேன்.

வீட்டில் மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால், நோட்டின் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு. மடிப்பை அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்பட வேண்டிய அச்சு சப்பையாகக் கிடக்கிறது. புற ஊதா விளக்கில் மங்கலாக இருக்க வேண்டிய தாள் நீலமாகப் பளிச்சிடுகிறது, சோப்புத் தூளில் கழுவினால் அப்படி ஆகும். நோட்டு அசல்தான், அதுதான் வயிற்றெரிச்சல். நீர்க்குறியும் (வெளிச்சத்தில் தெரிந்த அந்தச் சிங்கத் தலை) தாளுக்குள் ஓடும் பாதுகாப்பு இழையும் அசலா போலியா என்றுதான் சொல்லும், கழுவித் தேய்த்ததைச் சொல்லாது. அவர் காட்டியதோ அந்த இரண்டையும் மட்டும்.

கேட்டால் முதலில் "போலி இல்லையே அண்ணே?" அப்புறம் "நீங்களே மடிச்சிருப்பீங்க." கடைசியாக "இன்னிக்கும் செல்லுற நோட்டுதான், 25 வெள்ளிக்கு எந்த பேங்க்லயும் எடுத்துக்குவாங்க." நான் கொடுத்தது 240! அதன்பின் பதிலே இல்லை. செயலிக்காரர்களோ, நேரில் பார்த்து வாங்கியதற்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் புகாரை மூடிவிட்டார்கள்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. உறையிலிருந்து எடுக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், அச்சைத் தடவிப் பாருங்கள், சின்ன புற ஊதா விளக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதுவரை பணம் அனுப்பாதீர்கள்.