சக்கரமா, வாசலா? விமான நிலையங்களை எண்ணும் வழிகள்: மதுரையிலிருந்து ஓர் ஒப்பீட்டு அலசல்

உள்நாட்டில் எத்தனை விமான நிலையங்களுக்குப் போயிருக்கிறோம் என்று இருவர் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, ஒருவர் 18 என்பார், மற்றவர் 22 என்பார். இருவரும் எல்லாப் பயணங்களையும் சேர்ந்தே செய்த கணவன் மனைவியாகவும் இருக்கலாம். எதை எண்ணினீர்கள் என்று கேட்ட பிறகுதான் அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். விமானத்தின் சக்கரம் தொட்ட இடத்தையெல்லாம் எண்ணுவது, பயணியாக வாசலைக் கடந்த இடத்தை மட்டும் எண்ணுவது, டிக்கெட்டில் அச்சாகும் மூன்றெழுத்துக் குறியீடுகளை எண்ணுவது, ஓடுதளங்களை எண்ணுவது என்று நான்கு வழிகளாவது இருக்கின்றன.

மதுரைக்காரர்களிடையே இந்த வழக்கு சற்று அதிகமாகவே முற்றுகிறது. மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியிலிருந்து நேரே பறக்கக்கூடிய உள்நாட்டு ஊர்கள் சிலவே. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை போன்றவற்றைத் தாண்டிக் கொல்கத்தாவுக்கோ குவாஹாத்திக்கோ போகிறவர் பெரும்பாலும் நடுவில் ஓரிடத்தில் விமானம் மாறியே ஆகவேண்டும். மாறிய இடத்தைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வி டெல்லியில் குடியிருப்பவருக்கு எப்போதாவது எழும். நமக்கு ஏறக்குறைய ஒவ்வொரு நெடும்பயணத்திலும் எழுகிறது.

சக்கரக் கணக்கின் பெரிய வசதி, அதில் தகராறுக்கு இடமில்லை என்பதுதான். விமானம் இறங்கியதா, இல்லையா என்ற ஒரே கேள்வியோடு அது முடிந்துவிடும். 2023 அக்டோபரில் சேலத்துக்கு மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கியபோது, பெங்களூரிலிருந்து சேலம் வழியாகக் கொச்சிக்கு ஏடிஆர் என்னும் சிறிய புரொப்பெல்லர் விமானம் ஒன்று ஓடியது. கொச்சிக்கு டிக்கெட் எடுத்தவர் சேலத்தில் இருக்கையை விட்டு எழவேண்டியதில்லை. ஏடிஆரின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், நடு வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர் கீழே சக்கரம் ஓடுதளத்தில் பட்டுச் சுழலத் தொடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சக்கரக் கணக்குக்காரருக்கு அதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அவர் சேலத்தில் கண்டது அந்தச் சக்கரத்தையும், ஓடுதளத்தின் ஓரத்துப் புல்லையும், ஏணிப்படியில் ஏறிவந்த சிலரையும்தான். அதேபோல், மதுரையில் இறங்க முடியாத அளவுக்கு மூடுபனியோ மழையோ இருந்து விமானம் திருச்சிக்குத் திருப்பிவிடப்பட்டால், உள்ளேயே காத்திருந்து திரும்பிவரும் பயணிகள் அனைவரின் கணக்கிலும் திருச்சி ஏறிவிடும். வானிலை கொடுத்த எண்ணைச் சொந்த எண்ணாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வாசல் கணக்கு இதைவிடக் கறாரானது என்றாலும், அதிலும் ஓட்டைகள் உண்டு. மதுரையிலிருந்து சென்னை வழியாகக் கொல்கத்தா போகும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரே டிக்கெட்டில் போகிறார். பெட்டியைப் பெருங்குடியிலேயே கொல்கத்தாவரை போட்டுவிட்டதால் சென்னையில் உள்ளுக்குள்ளேயே மாறிக்கொள்கிறார். மற்றவர் செலவைக் குறைக்க இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தவர். சென்னையில் பெட்டி வரும்வரை பட்டையருகே நின்று, அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, புறப்பாட்டு வாசலில் அடையாள அட்டையைக் காட்டி மறுபடி நுழைகிறார். வாசல் விதியை எழுத்துப்படி எடுத்தால் இரண்டாமவருக்குச் சென்னை உண்டு, முதலாமவருக்கு இல்லை. மும்பையிலும் டெல்லியிலும் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாலை வழியாகப் போகவேண்டி வருகிறவர்களுக்கும் இதே கதைதான். ஆகவே வாசல் கணக்கை ஒரு திருத்தத்தோடு ஏற்கலாம்: கடந்த வாசல் அந்த ஊருக்குப் போவதற்காகவோ அந்த ஊரிலிருந்து புறப்படுவதற்காகவோ இருக்கவேண்டும், பெட்டிக்காகக் கடந்தது சேராது. இந்தத் திருத்தத்தால் 22 பல சமயம் 18 ஆகும். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

வழியனுப்பப் போனதையும் சிலர் சேர்க்கிறார்கள். துபாய்க்கோ கொழும்புக்கோ போகும் ஒருவருக்காக ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து வேன் பிடித்து வந்து, பெருங்குடி முனையத்துக்கு வெளியே கண்ணாடி வழியாகக் கையசைத்துவிட்டுப் போகும் குடும்பங்களை நான் மதிக்கிறேன். ஆனால் விமானப் பயணிகளின் ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

குறியீட்டுக் கணக்கும் ஓடுதளக் கணக்கும் மோதும் இடம்தான் இந்த விவகாரத்திலேயே சுவையானது. பெங்களூரில் 2008 மே 24 முதல் பயணிகள் விமானங்கள் எச்ஏஎல் நிலையத்தை விட்டுத் தேவனஹள்ளிக்குப் போயின. ஹைதராபாத்தில் அதே ஆண்டு மார்ச்சில் பேகம்பேட்டிலிருந்து ஷம்ஷாபாத்துக்கு மாறியது. இரண்டு ஊர்களிலும் பழைய டிக்கெட்டில் இருந்த குறியீடே புதிய இடத்துக்கும் வந்துவிட்டது. 2005இல் பேகம்பேட்டிலும் 2015இல் ஷம்ஷாபாத்திலும் இறங்கிய ஒருவருக்குக் குறியீட்டின்படி ஒன்றுதான், ஓடுதளத்தின்படி இரண்டு. பயணங்களைப் பதிவுசெய்யும் கைபேசிச் செயலியில் அவர் 2005 பயணத்தை ஏற்றினால், அது அவரை அப்போது கட்டி முடிக்கப்படாத ஷம்ஷாபாத்தில் இறக்கிவிட்டாலும் வியப்பதற்கில்லை. கொச்சியில் இந்த வரலாறு இன்னும் பழையது: 1999இல் நெடும்பாச்சேரி திறக்கும்வரை விமானங்கள் வில்லிங்டன் தீவிலுள்ள கடற்படைத் தளத்தில்தான் இறங்கின.

இதற்கு நேர்மாறான நிலை கோவாவில். டபோலிம் மூடப்படாமலேயே 2023 ஜனவரியில் மோபாவிலும் விமானங்கள் வரத் தொடங்கியதால், அங்கே குறியீடும் இரண்டு, ஓடுதளமும் இரண்டு. யாரும் சண்டை போட வழியில்லை. மும்பைக்குத் துணையாக 2025 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய நவி மும்பையும் அப்படியே. ஆனால் நம் பக்கத்துத் தூத்துக்குடியை எடுத்துக்கொண்டால் கேள்வி வேறு விதமாக வருகிறது. வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. ஏடிஆரில் பழைய முனையத்துக்கு வந்தவர் இப்போது புதியதற்கு வந்தால் இரண்டா? இல்லை, இடம் மாறவில்லை, கட்டடம்தான் மாறியது. 2024இல் திறக்கப்பட்ட திருச்சியின் புதிய முனையத்துக்கும், 2010இல் வந்த நம் மதுரை முனையத்துக்கும் இதே தீர்ப்புத்தான்.

இந்த இரண்டில் நான் ஓடுதளத்தின் பக்கம். குறியீடு என்பது டிக்கெட் அடிக்கிறவர்களின் வசதிக்காக ஏற்பட்டது. பேகம்பேட்டில் இறங்கியவர் நகரத்தின் நடுவே இறங்கினார், ஷம்ஷாபாத்தில் இறங்கியவர் ஊருக்கு வெகு வெளியே இறங்கினார் என்ற வேறுபாட்டை அந்த மூன்றெழுத்து மறைத்துவிடுகிறது. என்றாலும் குறியீட்டுக்காரர்களுக்கு ஒரு சிறு இன்பம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். மதுரையின் ஐஎக்ஸ்எம், லேயின் ஐஎக்ஸ்எல், அகர்தலாவின் ஐஎக்ஸ்ஏ, சண்டிகரின் ஐஎக்ஸ்சி, போர்ட் பிளேரின் ஐஎக்ஸ்இசட் என்று ஐஎக்ஸ் வரிசையை மட்டும் நிரப்ப முயல்வது, மொத்த எண்ணிக்கையைத் துரத்துவதைவிட நல்ல விளையாட்டு.

எந்தக் கணக்கை எடுத்தாலும், எப்போது பறந்தீர்கள் என்பதையும் கேட்காமல் ஒப்பிடுவது நியாயமாகாது. அரசு சொல்லும் எண்ணிக்கைப்படி நாட்டில் இயங்கிய விமான நிலையங்கள் 2014இல் 74, 2024இல் 157. இந்த 157இல் ஹெலிகாப்டர் தளங்களும் நீர்வழி விமானத் தளங்களும் அடங்கும் என்பதால், அவற்றைக் கழித்துவிட்டே பார்க்கவேண்டும். சிறு நகரங்களை இணைக்கும் உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அதற்குப் பிறகு திறந்தவற்றில் சில, விமானமே வராத மாதங்களையும் கண்டிருக்கின்றன. சிக்கிமின் பாக்யோங் 2018இல் திறந்தும் இடையிடையே சேவை நின்றுபோனது. அத்தகைய இடத்துக்குச் சேவை இருந்த காலத்தில் போய்வந்தவரின் ஒன்றும், சென்னையின் ஒன்றும் ஒரே எடையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 3,250 மீட்டருக்கு மேல் உள்ள லேயில் இறங்கி, பெட்டியைத் தூக்கிய உடனே மூச்சு வாங்கியவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம் என்று எனக்கும் ஆசைதான். அனுமதிச் சீட்டு இல்லாமல் போகமுடியாத லட்சத்தீவின் அகத்திக்கும் அப்படியே. ஆனால் எடை போடத் தொடங்கினால் ஆளுக்கொரு தராசு வந்துவிடும்.

சான்று என்ற வகையிலும் வாசல் கணக்கே ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. கைப்பையில் கட்டிய அட்டையில் பாதுகாப்புச் சோதனை முத்திரை குத்தி அனுப்பிய நாட்களில், அந்த அட்டைகளைச் சேர்த்து வைத்தவர்கள் ஒருவரும் மறுக்கமுடியாத ஆவணத்தை வைத்திருந்தார்கள். 2017 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொச்சி உள்ளிட்ட 7 நிலையங்களில் முத்திரை நின்றது. பிறகு மற்ற இடங்களிலும் படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டது. மிச்சமிருக்கும் போர்டிங் பாஸ்களில் வெப்பத்தாளில் அச்சானவை, மதுரை வெயிலில் பீரோவுக்குள் இருந்தாலும் சில ஆண்டுகளில் வெளுத்து, ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் சாம்பல் கறை மட்டும் நிற்கும். படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மதுரையில் இருந்துகொண்டு வாசல் கணக்கில் எண்ணிக்கையைக் கூட்ட விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. பெருங்குடியையே பற்றிக்கொண்டு ஒவ்வொரு முறையும் வேறொரு ஊருக்கு மாறிமாறிப் போவது ஒன்று; மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் திருச்சியிலோ தூத்துக்குடியிலோ விமானம் பிடித்து, திரும்பும்போது மதுரையில் வந்து இறங்குவது மற்றொன்று. முதல் வழி சுகமானது, மெதுவானது. இரண்டாவது வழியில் கோயம்புத்தூர், திருவனந்தபுரம், கொச்சி ஆகியவையும் தரைவழியாகவே கைக்கெட்டும். இவையெல்லாம் நம் ஊரின் அமைவிடம் தரும் சலுகை. எண்ணிக்கைக்காகவே செய்கிறார் என்று யாராவது குறை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சேலம்தான் இதில் சிக்கலானது. பெருங்குடியிலிருந்து வானவழியாகப் போவதென்றால் வடக்கே பெங்களூரையோ சென்னையையோ தொட்டுவிட்டுத் தெற்கே திரும்பவேண்டும். அப்படிச் செய்பவரிடம் நேரமும் பணமும் மிகுதியாக இருக்கவேண்டும். ஆரப்பாளையத்தில் விடியற்காலையில் சேலம் பஸ் ஏறி, அங்கிருந்து ஓமலூர்ப் பக்கம் விமான நிலையம் உள்ள காமலாபுரம் போய், அட்டவணையில் அன்று ஹைதராபாத் விமானம் இருந்தால் அதில் ஏறிக்கொண்டு, ஹைதராபாத்தில் வேலையை முடித்துவிட்டு நேரே மதுரைக்குத் திரும்புவதையே நான் பரிந்துரைப்பேன்.