ஒரு நாள் வாடகை நாரோபோட்: அந்த அரை மணி நேரப் பாடத்தைத்தான் பார்க்க வேண்டும்

பிரிட்டன் கால்வாய்களில் நாரோபோட்டை (கால்வாய்க்கென்றே கட்டிய நீண்டு ஒடுங்கிய படகு) ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை, முன்அனுபவமும் தேவையில்லை. படகுத்துறையில் ஊழியர் சிறிது நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியை நீட்டிவிடுவார். படகிலோ டீசல் எஞ்சினிலோ பொதுவாகக் குறை இருக்காது. நாள் கெடுவதெல்லாம் அந்தப் பாடத்தில் விட்டுப்போனவற்றால்தான்.

டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் பின்பக்கக் கைப்பிடியை, இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும். இதை எல்லோரும் சொல்கிறார்கள், கையும் சீக்கிரம் பழகிவிடும். சொல்லாமல் விடுவது வேறு: புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் படகு திரும்பும். பாலத்தைக் கண்டு பயந்து த்ராட்டிலை அடியோடு குறைத்தால் படகு சொன்ன பேச்சு கேட்காமல் செங்கல்லில் போய் இடிக்கும். ரிவர்ஸில் சுக்கான் பேருக்குத்தான்.

கால்வாயின் அடிப்பகுதி சாஸர் மாதிரி. நடுவில் ஆழம், கரையோரம் சேறு. தரைதட்டினால் எஞ்சினை முறுக்கி முன்னே போகப் பார்ப்பது இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்ளும் வழி. ஆட்களை ஆழமான பக்கம் நகர்த்தி, வந்த வழியே மெதுவாக ரிவர்ஸ் எடுத்து, கழியால் தள்ள வேண்டும்.

கறுப்புப் புகையோடு எஞ்சின் திணறினால், அநேகமாகப் புரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே பின்பக்கம் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் வீட்-ஹாட்ச் என்ற திறப்பின் மூடியைத் திறக்கலாம். கையை உள்ளே விட்டால் பிளாஸ்டிக் பை கயிறாக முறுகித் தண்டில் இறுகியிருக்கும்; ரொட்டி வெட்டும் பல்கத்தியால் அறுத்தால் வரும். முக்கியமானது அதற்குப் பிறகு: மூடியைச் சரியாக உட்காரவைத்து கிளாம்பை இறுக்காமல் எஞ்சினைப் போட்டால், தண்ணீர் எஞ்சின் அறைக்குள் பீய்ச்சும், படகே மூழ்கலாம். மூடியைத் திறந்துகாட்டாத நிறுவனத்துக்கு என் மதிப்பெண் பாதிதான்.

லாக் (இரு பக்கமும் கதவு வைத்து, நீரை ஏற்றியிறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும் தொட்டி) உள்ள பாதையென்றால், ஒரு லாக்கையாவது கூடவந்து கடத்திக்காட்டச் சொல்லுங்கள். கீழே இறங்கும்போது மேல்கதவையொட்டித் தண்ணீருக்கடியில் கல்திட்டு உண்டு. படகின் பின்பகுதி சுவரிலிருக்கும் வெள்ளைக்கோட்டைத் தாண்டி, கீழ்க்கதவுப் பக்கமாகவே நிற்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வடிய வடிய பின்பகுதி திட்டில் தொங்கி, மூக்கு அமிழும். அப்படி ஆனால் கீழ்மதகுகளை உடனே மூடிவிட்டு, மேல்மதகை மெல்லத் திறந்து நீரை ஏற்ற வேண்டும். மதகைச் சுற்றித் திறக்கும் கைப்பிடியான விண்ட்லஸை அச்சிலேயே விட்டுவிடக் கூடாது. அச்சு பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ராட்செட் நழுவினால் அது பறந்து எலும்பை உடைக்கும். அலுமினிய விண்ட்லஸ் கைக்கு இலகுவாக இருக்கும்தான், ஆனால் தண்ணீரில் விழுந்தால் காந்தம் போட்டு எடுக்க முடியாது. சாவியில் தக்கை மிதவை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

முதல்முறை ஓட்டுபவர்களுக்கு வேல்ஸில் ட்ரெவரிலிருந்து சர்க் வரையிலான பாதை நல்லது, லாக்கே கிடையாது. 1805-இல் திறந்த போன்ட்கசஹ்ல்ட்டே மேம்பாலக் கால்வாயும் வழியில் வரும்: 307 மீட்டர் நீளம், 38 மீட்டர் உயரம், நடைபாதை இல்லாத பக்கம் கம்பித்தடுப்பே இல்லை. ஒரு படகு மட்டுமே போகும் அகலம் என்பதால், எதிரே யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டே நுழைய வேண்டும். நீரோட்டம் சர்க்கை நோக்கி ஓடுவதால் திரும்பும்போது வேகம் குறையும். நேரத்தில் பாதி முடியும் முன்பே படகைத் திருப்பிவிடுங்கள்.