பையில் ஸ்ப்ரே, கையில் போன், வாசலில் கிரில்

லைப்ரரி இரவு ஒன்பதரைக்கு மூடும். அங்கிருந்து ஹாஸ்டலுக்குப் பத்து நிமிட நடை, நடுவில் விளக்கில்லாத ஒரு வளைவு. முதுகலை படித்த இரண்டு வருடமும் எனக்கு அதுதான் வழி. அப்போது பாதுகாப்புக்கென்று பையில் சேர்த்தவை, பிறகு வாடகை வீட்டுக் கதவில் மாட்டியவை எல்லாவற்றையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடைபோடுவேன்: இருட்டில், பதற்றத்தில், ஒற்றைக் கையால் இது ஆகுமா?

முதலில் எல்லோரும் வாங்குவது பெப்பர் ஸ்ப்ரே. நம் நாட்டில் இதற்கு உரிமம் தேவையில்லை. மிளகாயின் காரச்சத்து கண்ணில் பட்டால் எதிராளி திணறுவான், நாம் ஓடிவிடலாம். ஆனால் காற்று நம் பக்கம் அடித்தால் திணறுவது நாம்தான். அறைத்தோழியின் ஸ்ப்ரே குடைக்கும் டிபன் பாக்ஸுக்கும் கீழே கிடந்தது. ஒருநாள் எடுத்துப் பார்த்தால், காலாவதியாகி எட்டு மாதம். கையில் பிடித்துக்கொண்டே நடப்பவர்களுக்கு மட்டும்தான் இது ஆயுதம். அந்த வகையில் சாவிக்கொத்தில் தொங்கும் விசில் பரவாயில்லை. பேட்டரியும் வேண்டாம், காலாவதியும் கிடையாது. ஆனால் சத்தம் கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் வேண்டும்.

போன் எப்படியும் கையில்தான் இருக்கிறது. அதிலும் மூன்று வழிகள். தமிழ்நாடு காவல்துறை 2022-ல் கொண்டுவந்த ‘காவல் உதவி’ செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நாம் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி... அந்த நேரத்தில் விரல் நடுங்கும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனைக் கிளம்பும்போதே 15 நிமிடத்துக்கோ ஒரு மணி நேரத்துக்கோ போட்டுவிடலாம். மறுமுனையில் இருப்பவர் தூங்கிவிட்டால் அது வெறும் நீலப் புள்ளி. என் ஓட்டு பவர் பட்டனுக்குத்தான். 2017 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்பது விதி. சில போன்களில் மூன்று முறை, சிலவற்றில் ஐந்து முறை அழுத்தினால் 112-க்கு அழைப்பு போகும். பழைய பட்டன் போனுக்கு 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் போனில் எப்படி என்பதை இன்றே செட்டிங்ஸில் பாருங்கள்.

“தனியாகப் போகாதே, கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போ” என்பார்கள். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தாக்கப்பட்ட மாணவி தனியாக இல்லை, கூடவே நண்பர் இருந்தார். உள்ளே வந்தவன் வெளியாள். 2025 ஜூனில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, 30 வருடத்துக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது. துணை நல்லதுதான். ஆனால் மதிலும் விளக்கும் ரோந்தும் நிர்வாகத்தின் பொறுப்பு, அதை மாணவியின் பையில் போட முடியாது.

வீட்டுக்கு வருவோம். கதவுச் சங்கிலியைக் குட்டை ஸ்க்ரூ போட்டு நிலையில் முடுக்கியிருப்பார்கள், ஒரு உதைக்குக்கூடத் தாங்காது. கதவில் பதிக்கும் பார்வைத் துளையான மேஜிக் ஐ நல்லதுதான், ஆனால் படிக்கட்டு விளக்கு எரியவில்லையென்றால் கறுப்பு வட்டம்தான் தெரியும். என் அம்மாவுக்கு அது எட்டவும் எட்டாது. வீடியோ பெல் நாம் வெளியே இருக்கும்போது உதவும். வீட்டில் கரண்டும் வைஃபையும் போனால், அதுவும் போச்சு.

இத்தனைக்கும் மேலே நான் வைப்பது நம் ஊர் இரும்பு கிரில் கேட். மரக்கதவைத் திறந்து முகம் பார்த்துப் பேசலாம், பார்சலைக் கம்பி வழியே வாங்கலாம், காற்றும் வரும். சிலிண்டர் போடுபவருக்குத் திறந்துதான் ஆக வேண்டும். அப்போது எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு குரல் கொடுத்துவிடுவேன்.

கிரிலில் ஒரே வில்லங்கம், உள்பக்கம் போடும் பூட்டு. தீப்பிடித்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வீட்டில் அது ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காந்தக் கொக்கியில் தொங்குகிறது. வெளியிலிருந்து கம்பிக்குள் கைவிட்டால் எட்டாது. கரண்ட் போன ஒரு ராத்திரி தடவியே எடுத்துப் பார்த்துவிட்டேன்.