பாரியா, எம்மிட்டா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ரன்னிங் பேக் என்றால் பந்தை வாங்கிக்கொண்டு, மோத வரும் தடியர்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவர். 90-களில் அந்த இடத்துக்கு இரண்டு பேர்தான் பேச்சு: டெட்ராய்ட் லயன்ஸின் பாரி சாண்டர்ஸ், டல்லாஸ் கவ்பாய்ஸின் எம்மிட் ஸ்மித். ரசிகர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

எம்மிட் 15 சீசனில் பந்தோடு ஓடி முன்னேறியது 18,355 யார்டு (ஒரு யார்டு மூன்றடி). இன்றுவரை அதை யாரும் தொடவில்லை. பாரி 10 சீசனில் 15,269. ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் பார்த்தால் பாரி ஏறக்குறைய 5 யார்டு, எம்மிட் 4.2. எம்மிட்டிடம் 3 சூப்பர் பவுல், அதாவது லீகின் சாம்பியன் பட்டம், இருக்கிறது. பாரி காலத்தில் லயன்ஸ் ஜெயித்த பிளேஆஃப் (சீசன் முடிந்து நடக்கும் நாக்-அவுட்) ஆட்டமே ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், அதில் 38-6 என்று அடி வாங்கியது எம்மிட்டின் டல்லாஸ்.

"முன்னால் மறித்துக் கொடுக்க அப்படி ஆட்கள் இருந்தால் யார்தான் ஓட மாட்டார்கள்?" என்று எம்மிட்டை மட்டம் தட்டுவார்கள். எனக்கு அது ஒப்பாது. 1993-ல் சம்பளத் தகராறில் அவர் முதல் இரண்டு ஆட்டத்துக்கு வரவில்லை. மறித்துக் கொடுக்க ஆள் இருந்தும் டல்லாஸ் இரண்டிலும் தோற்றது. அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டம் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியுடன். முதல் பாதியிலேயே வலது தோள் பிசகிவிட்டது. வெளியே போகவில்லை. மொத்தம் 32 ஓட்டம், 168 யார்டு, போதாதென்று 10 கேட்ச் வேறு. கூடுதல் நேரத்தில் 16-13 என்று ஜெயித்தார்கள்.

பாரி வேறு ஜாதி. உயரம் 5 அடி 8 அங்குலம். இடப்பக்கம் கிளம்புவார், வழி அடைபட்டால் பின்னால் ஓடி வந்து வலப்பக்கம் பாய்வார். பிடிக்க வந்தவன் கையில் காற்றுதான் மிஞ்சும். 1997-ல் 2,053 யார்டு. இந்த வித்தைக்கு விலையும் உண்டு: கிரீன் பே ஊரில் ஒரு பிளேஆஃப் ஆட்டம், 13 முறை ஓடி மொத்தம் மைனஸ் 1 யார்டு! ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் நான் எம்மிட்டைத்தான் எடுப்பேன். ராத்திரியில் தேடித் தேடிப் பார்ப்பதென்னவோ பாரி வீடியோவைத்தான்.

ரெக்கார்டு விஷயத்தில்தான் இருவரும் எதிரெதிர் துருவம். 1989, பாரியின் முதல் சீசன். கடைசி ஆட்டத்தில், அந்த வருஷம் அதிக யார்டு ஓடியவரைப் பிடிக்க 10 யார்டுதான் பாக்கி. உள்ளே போகிறாயா என்று கோச் கேட்டும் வேண்டாம் என்றுவிட்டார். ஆட்டம்தான் ஜெயித்தாயிற்றே!

1999 ஜூலையிலும் அதே கதை. பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், சொந்த ஊரான விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ்: ஓய்வு பெறுகிறேன். வயது 31. அதுவரை மொத்த ஓட்டத்தில் ரெக்கார்டு வைத்திருந்த வால்டர் பேட்டனின் 16,726-ஐ எட்ட 1,457 யார்டு பாக்கி. முந்தின சீசனில் மட்டும் அவர் ஓடியது 1,491.

எம்மிட் 2002 அக்டோபரில் அந்த ரெக்கார்டைத் தாண்டினார். அப்போதும் மனசு ஆறாமல் அரிசோனா அணிக்குப் போய் இன்னும் 2 சீசன் ஆடினார்.