14,500 ரூபா போச்சு: தையல் பெட்டர்னை உங்க அளவுக்கு மாத்தித் தர்றோம்னு வர்ற ஒன்லைன் ஆட்கள்கிட்ட கவனம்!

இப்பதான் என் நம்பரை பிளொக் பண்ணிட்டாங்க. சூட்டோட சூடா எழுதுறேன். நீங்க ஏமாறாம இருக்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விளக்கமா சொல்றேன்.

எங்க தோட்டத்துப் பிள்ளைங்க போடுற நாடகம் கோப்பிக் காலத்துக் கதை, 1869இல கோப்பிக்கு இலைநோய் வர்றதுக்கு முந்தினது. துரைசாணியா நடிக்கிற பிள்ளைக்கு அந்தக் காலத்து கவுன் வேணும். பாவாடை லேசு. கொசுவம் வைச்சு இடுப்புப் பட்டியில ஏத்தி, உள்ள வளையம் குடுத்தா நிக்கும். உடம்போட ஒட்டின மேல்சட்டைதான் வேலை. பெட்டர்ன்ல, அதாவது துணிமேல வைச்சு வெட்டுற தாள்ல, நெஞ்சு 36 அங்குலம், பிள்ளைக்கு 40½. நெஞ்சுப் பக்கம் வெட்டி விரிச்சு, டார்ட்டை (உடம்பு வளைவுக்கு மடிச்சுத் தைக்கிற இடம்) ஆழமாக்கி, முதுகுத் துண்டுகளைத் தனியா சரிபண்ணணும். மத்த எல்லா உடுப்பும் என் தலையில கிடந்ததால, இதை மட்டும் ஒரு ஒன்லைன் தையல் சேவைக்குக் குடுத்தேன். பேரைச் சொல்லல, வெளிநாட்டு பெட்டர்னை அளவு மாத்தி பெரிய தாள்ல பிரிண்ட் போட்டு அனுப்புற வகை.

நம்ப வைச்சது ஒரே ஒரு கேள்வி. “அக்கா, இந்த அளவு உள்ளுக்குள்ள கோர்செட் போட்டு எடுத்ததா, போடாம எடுத்ததா?” கோர்செட்னா இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற உள்ளுடுப்பு. ஹட்டன்ல எந்த டெய்லரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. தொழில் தெரிஞ்ச ஆள்னு மனசு குளிர்ந்து, முழுக் காசு 14,500 ரூபாவையும் பேங்க்ல போட்டு ஸ்லிப்பையும் அனுப்பினேன்.

பார்சல் வந்துச்சு. பெட்டர்ன் மூலையில அளவு பார்க்க ஒரு கட்டம் இருக்கும் இல்லையா, 4 அங்குலம்னு அதிலயே எழுதியிருக்கும். டேப் வைச்சா 4½! வெட்டவும் இல்ல, விரிக்கவும் இல்ல. போட்டோகொப்பி மாதிரி மொத்தத்தையும் பெருசாக்கி அனுப்பியிருக்காங்க. நெஞ்சு 40½ வந்திருச்சு, கூடவே கழுத்தும் தோளும் கைக்குழியும் வளர்ந்திருச்சு. பிடரியில இருந்து இடுப்பு வரைக்கும் 15 அங்குலம், பிள்ளைக்கும் அதே 15, தொடவே தேவையில்லாத இடம். அது கிட்டத்தட்ட 17 ஆகியிருக்கு. பழைய பெட்ஷீட்ல வெட்டி மாட்டிப் பார்த்தா சட்டையோட இடுப்பு பிள்ளையோட இடுப்பு எலும்புல உக்காருது. இதுக்கா 14,500 ரூபா?

போட்டோ அனுப்பினேன். “அந்தக் காலத்து ஸ்டைல்ல தோள் இறங்கித்தான் இருக்கும் அக்கா.” அட, தோள் தையல் இறங்கும், எனக்கும் தெரியும். ஆனா கைக்குழி அக்குளோட இறுக்கமா நிக்கும், இடுப்பு மேலயே முடியும். அதைச் சொன்னதும் “மாஸ்டர் கொழும்புக்குப் போயிட்டார்.” அப்புறம் “இங்க மழை, லைன் இல்ல.” அப்புறம் “நீங்க அளவு எடுத்தது பிழையா இருக்கும்.” கட்டத்துல டேப் வைச்ச படத்தை அனுப்பினா நீல டிக் மட்டும் விழுது. கடைசியா ஒரு வொய்ஸ், சிரிச்சுக்கிட்டே: “அளவு மாத்தின ஐட்டத்துக்கு ரிட்டன் இல்ல.” அதோட பிளொக். இவங்க அளவே மாத்தலையே!

சரி, சொல்றேன்னு சொன்னது. முழுக் காசையும் முதல்லயே போடாதீங்க. மாத்தின துண்டோட படத்தை, பக்கத்துல டேப் வைச்சு, பிரிண்ட் போட முந்தியே கேளுங்க. கட்டத்தை அளக்காம நல்ல துணியில கத்தரி வைக்காதீங்க. ஸ்லிப்பையும் வொய்ஸையும் அழிக்காதீங்க, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நம்பர் 1977, நான் நாளைக்குக் காலையில எடுக்கப் போறேன். வேற எழுத இப்ப பொறுமை இல்ல, 14,500 ரூபா கண்ணு முன்னாடி நிக்குது.

டிக்கோயா, கொட்டகலை பக்கம் இந்த மாதிரி சட்டைக்குக் கையாலேயே பெட்டர்ன் வெட்டத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. நேர்ல வந்து, பக்கத்துல நின்னு வெட்டி வாங்கிக்கிறேன்.