உதகையின் தொடக்க காலத்தைக் காட்டும் நடைப்பயணம்: ஒரு மதிப்புரை

ஆங்கிலேயர் உதகையில் குடியேறிய தொடக்க ஆண்டுகளை நடந்தே விளக்கும் உள்ளூர் வழிகாட்டிச் சேவை ஒன்றை, பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். 1819-இல் மலையேறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், தோடர்களிடம் நிலம் பெற்று 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா, இன்றைய அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருப்பதை இவ்வூர்க்காரர்களே பலர் கவனிப்பதில்லை. நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மிகச் சிறந்த பகுதி புனித ஸ்தேவான் ஆலயம். 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அதன் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அந்தக் கனத்த மரங்களை மலைக்கு ஏற்றிய, பெயர் பதியாத உழைப்பாளிகளை வழிகாட்டி மறவாமல் நினைவுகூர்ந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அருகில் பாசி படிந்த கற்களில் சிறு குழந்தைகளின் வயதைப் படிக்கும்போது, அக்காலக் குடியேற்ற வாழ்வில் நோய் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பது விளங்குகிறது.

சல்லிவன் அமைத்த ஏரியும், அவர் பயிரிடச் செய்த உருளைக்கிழங்கும் சுருக்கமாகவே பேசப்படுகின்றன. அது போதும். ஆனால் தங்கள் மேய்ச்சல் நிலத்தை இழந்த தோடர்களுக்குச் சில நிமிடங்களே ஒதுக்குவது பெருங்குறை; தோடர்களின் குடியிருப்பான மந்து ஒன்றுக்கும், அங்குள்ளோர் இசைந்தால், அழைத்துச் செல்ல வேண்டும்.

மதியத்தில் மூடுபனி இறங்கிவிடுவதால் காலை நடையையே பதிவு செய்யுங்கள்.