டைவர் வாட்ச்சுக்குள் மெஷின் ஆடுகிறதா? "முழு மெஷினும் மாத்தணும்" என்றால் உடனே சரி சொல்லாதீர்கள்

சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 ஒன்று, தண்ணீருக்குள் மூழ்கும்போதும் கட்டக்கூடிய டைவர் வாட்ச். அசைத்தால் உள்ளே 'டொக்' என்ற சத்தம். பக்கவாட்டில் இருக்கும் திருகுக் குமிழான கீயை இழுத்தால் டயலும் சேர்ந்து லேசாக நகர்ந்தது. பழுது பார்க்கக் கொடுத்த கடையில் "மெஷின் போயிடுச்சு, புதுசு போடணும்" என்றார்கள், போட்டும் கொடுத்தார்கள். சில வாரங்களில் மறுபடியும் அதே 'டொக்'. கூடவே கண்ணாடியின் உட்பக்கம் மூடுபனிபோல ஒரு வெள்ளைப் படலம்.

பின்மூடியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. மெஷினைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஹோல்டர் வளையம் இல்லை. அதற்குப் பதில் மூன்று இடங்களில் சூப்பர் க்ளூ, மூடிக்கு அடியில் மடித்துச் செருகிய காகிதம். முதலில் ஆட்டம் கண்டதும் இந்த வளையம் இல்லாததால்தான். பழைய மெஷினில் குறை இல்லை. தேவைப்பட்டது ஒரு வளையம், விலை வாங்கியது ஒரு முழு மெஷினுக்கு.

க்ளூ ஏன் கூடாது? காயும்போது எழும் ஆவி மூடிய கேஸுக்குள் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியிலும் டயலிலும் வெள்ளையாகப் படியும். அந்தப் படலம் அதுதான். காகிதம் இன்னும் மோசம். ஆட்டோமேட்டிக் வாட்ச்சில், கை அசைவில் சுழன்று வாட்ச்சுக்குச் சாவி கொடுக்கும் எடையான ரோட்டார் பின்மூடிக்கு மிக அருகில் சுழல்கிறது. காகிதம் அதில் உரசினால் வாட்ச் சரியாக வைண்ட் ஆகாது. உதிரும் நார் பல்சக்கரங்களுக்குள் போகும்.

வளையம் இல்லாத கேஸில் மெஷினின் பாரம் முழுவதையும் கீயின் மெல்லிய தண்டு தாங்குகிறது. ஒவ்வொரு அதிர்ச்சியிலும் தண்டு பக்கவாட்டில் அழுந்தும், நாளடைவில் வளையும். கீக்குள் இருக்கும் ரப்பர் வளையம் ஒரு பக்கமாகத் தேயும். 200 மீட்டர் ஆழத்துக்கான வாட்ச்சில் தண்ணீர் புக இதுவே போதும்.

கொடுப்பதற்கு முன் நீங்களே சோதிக்கலாம். டயல் மேலே பார்க்க வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். 'சர்' என்று வழுக்கும் ஓசை ரோட்டாருடையது. அது இயல்பு, பல மெஷின்களில் நன்றாகவே கேட்கும். திசை மாற்றும்போது 'டொக்' என்று ஒரே இடியாகக் கேட்டால்தான் மெஷின் தளர்ந்திருக்கிறது. பிறகு திருகி மூடியிருக்கும் கீயைத் திருகித் தளர்த்தி, லென்ஸ் வைத்துப் பார்த்தபடி கீயை மிக மென்மையாக இழுத்துத் தள்ளுங்கள். டயலின் 12 மணிக் குறி, டயலைச் சுற்றியுள்ள ஓர வளையத்தின் குறியை விட்டு விலகினால் சந்தேகமே வேண்டாம்.

ஈடிஏ 2824, செல்லிட்டா எஸ்டபிள்யூ200 என்ற சுவிஸ் மெஷின்கள் உள்ள டைவர்களில் ஏற்பாடு பெரும்பாலும் வேறு: விளிம்பில் சின்னக் கவ்விகள், அவற்றைப் பிடிக்கும் திருகுகள். திருகு தளர்ந்திருந்தால் இறுக்கினாலே போதும். ஆனால் ஒரு திருகு காணாமல் போயிருந்தால், கண்டெடுக்கும் வரை வாட்ச்சை ஓட்டக்கூடாது. அது, நேரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாலன்ஸ் சக்கரத்தில் சிக்கினால் செலவு உண்மையிலேயே பெரிதாகும்.

மெஷின் மாற்றிய வாட்ச்சில் ஆட்டம் வந்தால் அளவைக் கேளுங்கள். சீக்கோ குழுமத்தின் என்எச்35 மெஷினின் விட்டம் 27.4 மி.மீ., உயரம் 5.32. ஈடிஏ 2824 விட்டம் 25.6, உயரம் 4.6. முன்னதற்கான இடத்தில் பின்னதை வைத்தால் சுற்றிலும் 0.9 மி.மீ., உயரத்தில் 0.72 மி.மீ. இடைவெளி. அந்த அளவுக்கே கடைந்த வளையம் வேண்டும். தண்டின் உயரமும் கேஸின் துளையோடு நேராக வர வேண்டும்; வராவிட்டால் அந்த மெஷின் அந்தக் கேஸுக்கு ஆகாது.

மெஷினைச் சொல்லாமல் மாற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள். எஸ்கேஎக்ஸ்007-இல் இருப்பது 7எஸ்26 என்ற மெஷின், 21 கல் (தேய்மானத்தைக் குறைக்க உள்ளே பதிக்கும் சிறு கற்கள்). கீயை முழுவதும் இழுத்தாலும் விநாடி முள் நிற்காது, கீயைத் திருகி வைண்ட் செய்யவும் முடியாது. திரும்பி வந்த வாட்ச்சில் முள் நின்றால் உள்ளே இருப்பது வேறு மெஷின், பெரும்பாலும் 24 கல் என்எச்36. அது நல்ல மெஷின்தான். ஆனால் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், பழையதைக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பின்மூடியைத் திறந்த நிலையிலேயே காட்டச் சொல்லுங்கள். வளையம் அதன் பள்ளத்தில் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும், விரல் உறை போட்டு ஓரத்தைத் தொட்டால் மெஷின் அசையக்கூடாது. பின்மூடி ரப்பரைப் புதிதாக மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவி, கண்ணெதிரே மூடட்டும். பிறகு அழுத்தச் சோதனை. அதற்கான கருவி கடையில் இல்லையென்றால், சோதனை முடியும்வரை அந்த வாட்ச்சோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.